கணிப்புகளின் ஐந்தொகை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனியன் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ஆண்டு முடிந்தால் ஐந்தொகை போட்டாக வேண்டும். சரக்கு இருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் எல்லாம் ஏட்டில் ஏறி, இரண்டு பக்கமும் நேர்பட்டால்தான் கணக்குப்பிள்ளைக்குத் தூக்கம் வரும். இந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. 2020 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியன்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு கணிப்புகளை எழுதுகிறேன். அரசியலும் பொருளாதாரமும் எங்கள் ஊர்த் தொழிலும் அதில் கலந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எனக்கு எத்தனை சதவீத நம்பிக்கை என்பதையும் குறித்துவைப்பேன். டிசம்பர் முடிவில் அந்தப் பக்கத்தைத் திறந்து சரிபார்ப்பேன்.

இந்த வாரம் 2025-ஆம் ஆண்டின் பக்கத்தைத் திறந்தேன். பன்னிரண்டில் ஆறு சரி, ஆறு தவறு. பரவாயில்லை என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. சதவீதங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

கணிப்புக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் 1950-இல் முன்வைத்தது. ஒன்று நடக்கும் என்று 80 சதவீதம் நம்பி, அது நடந்துவிட்டால் மீதமுள்ள 0.2-ஐ அதனாலேயே பெருக்கி 0.04 என்று குறிக்க வேண்டும். நடக்காவிட்டால் 0.8-இன் வர்க்கம், அதாவது 0.64. எண் சிறிதாக இருந்தால் கணிப்பு நல்லது. எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி என்று எழுதிவைக்கும் ஒருவருக்கு, உலகில் என்ன நடந்தாலும் 0.25 கிடைக்கும். என் பன்னிரண்டு கணிப்புகளின் சராசரி 0.32. அதாவது, நாளிதழ்களை வரி விடாமல் படித்து, கணக்கு அறிவையும் சேர்த்து நான் எழுதியவற்றைவிட, எதுவுமே தெரியாது என்று ஒப்புக்கொண்டு எல்லா இடத்திலும் ஐம்பது போட்டிருந்தால் மேலான மதிப்பெண் வந்திருக்கும்.

எங்கே இத்தனை அடி விழுந்தது? சரியானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெருமைப்பட அதிகம் இல்லை. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் குறைந்தது 6 சதவீதத்துக்காவது இறக்கும் என்று 80 சதவீதம் போட்டிருந்தேன். 6.5-இல் தொடங்கிய வட்டி டிசம்பரில் 5.25-க்கு வந்துவிட்டது. 2024-25 நிதியாண்டில் திருப்பூரின் ஏற்றுமதி 35,000 கோடி ரூபாயைத் தாண்டும் என்று 75 போட்டது பலித்தது. ஏறத்தாழ 40,000 கோடியைத் தொட்டது. பருவமழை இயல்பாகவோ அதற்கு மேலோ பெய்யும் என்பதற்கு 70, ஐரோப்பிய ஒன்றியத்துடனான வர்த்தக ஒப்பந்தம் இந்த ஆண்டு முடியாது என்பதற்கு 85, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் பணி தொடங்காது என்பதற்கு 80, பீகாரில் தேசிய ஜனநாயகக் கூட்டணி வெல்லும் என்பதற்கு 60. ஆறும் சரி. மூன்று எளிதானவை, ‘அரசுப் பணி தாமதமாகும்’ என்று பந்தயம் கட்டுபவர் அடிக்கடி வெல்வார்.

தவறியவற்றில்தான் படிப்பினை இருக்கிறது. தங்கம் பவுன் 65,000 ரூபாயைத் தாண்டாது என்று 75 சதவீதம் எழுதியிருந்தேன். ஜனவரியில் 57,000 ரூபாயைச் சுற்றி இருந்த பவுன், மார்ச்சிலேயே என் கோட்டைத் தாண்டி, டிசம்பர் மத்தியில் ஒரு லட்சத்தைக் கடந்தது. பெண்ணுக்குத் திருமணம் வைத்திருக்கும் எந்தத் தந்தையும் என் நோட்டைப் பார்க்கவில்லை என்பதே ஆறுதல். டாலருக்கு எதிரான ரூபாய் 88-ஐத் தாண்டாது என்பதற்கு 70. இந்த மாதத் தொடக்கத்தில் 90-ஐயும் தாண்டியது. அதிமுகவும் பாஜகவும் ஆண்டு முடிவதற்குள் மீண்டும் கூட்டணி சேராது என்பதற்கு 70. ஏப்ரல் 11 அன்று சென்னையில் அமித் ஷாவும் எடப்பாடி பழனிசாமியும் ஒரே மேடையில் அமர்ந்து அறிவித்தார்கள். பிரிட்டனுடனான ஒப்பந்தம் கையெழுத்தாகாது என்பதற்கு 65. இதில் என்னைக் கெடுத்தது பழைய நினைவு. 2022 ஜனவரியில் பேச்சுவார்த்தை தொடங்கிய பிறகு, அந்த ஆண்டுத் தீபாவளிக்குள் முடியும் என்று அன்றைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் சொன்னார். தீபாவளிகள் வந்து வந்து போயின, ஜான்சனும் போனார். அந்த அலுப்பில் இந்த ஆண்டும் ‘ஆகாது’ என்று எழுதினேன். ஜூலை 24 அன்று கையெழுத்தானது.

அதைவிட மோசமானது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்த கணிப்பு. நான்கு தொகுப்புகளும் 2019, 2020 ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. ‘இந்த ஆண்டு நடைமுறைக்கு வரும்’ என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தி வந்தது. நானும் ஒவ்வோர் ஆண்டும் ‘வராது’ என்று எழுதி வென்றேன். ஒருமுறை வெல்லும்போது 70 போட்டவன், ஐந்தாவது முறை 90 போட்டேன். நவம்பர் 21 அன்று நான்கும் நடைமுறைக்கு வந்துவிட்டன. என் மதிப்பெண்ணில் விழுந்த ஆகப் பெரிய அடி இதுதான்: 0.81. ஒரே சோம்பேறிக் கணிப்பு ஐந்து முறை பலித்ததை அறிவு என்று எண்ணிக்கொண்டேன். நாட்டில் மாநில அரசுகளின் நிலை என்ன, விதிகள் எத்தனை மாநிலங்களில் தயாராகிவிட்டன என்பதையெல்லாம் நான்காவது ஆண்டிலிருந்து நான் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டாவது கணிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது நோட்டுப் புத்தகத்தோடு நிற்கவில்லை.

டொனால்ட் டிரம்ப் மீண்டும் அதிபராகப் பதவியேற்கவிருந்த நேரம் அது. சீனப் பொருள்கள் மீது 60 சதவீத வரி போடுவேன் என்று பிரசாரத்தில் அவர் பேசியிருந்தார். சீனா அடிபட்டால் திருப்பூருக்கு ஆர்டர் வரும் என்பது ஊரின் பொதுப் பேச்சு. நானும், ‘இந்திய ஆடைகள் மீதான அமெரிக்க வரி பத்து புள்ளிகளுக்கு மேல் கூடாது – 80’ என்று எழுதினேன். ஏப்ரல் 2 அன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் டிரம்ப் அட்டையைத் தூக்கிக் காட்டினார். இந்தியாவுக்கு 26 சதவீதம்; வங்கதேசத்துக்கு 37, வியட்நாமுக்கு 46, இலங்கைக்கு 44, கம்போடியாவுக்கு 49. ஒரு வாரத்தில் அவை தொண்ணூறு நாள் நிறுத்திவைக்கப்பட்டு, சீனா நீங்கலாக ஏறத்தாழ எல்லோருக்கும் பொதுவாகப் பத்து சதவீதம் என்றானது. என் கணிப்பு அந்த அறிவிப்பிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் நான் அந்த அட்டையைப் படித்த விதம் வேறு. நம்மோடு போட்டியிடுபவர்கள் எல்லோருக்கும் நம்மைவிட அதிக வரி. இது நமக்குச் சாதகம். தொலைக்காட்சி விவாதங்களிலும் தொழில் துறையினரின் பேட்டிகளிலும் அப்போது இதே தொனிதான்.

என் தங்கை மகன் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறான். ஏற்றுமதி நிறுவனங்கள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பித் தரும் வேலை. மே மாதம் ஒரு மாலை வந்து உட்கார்ந்தான். “மாமா, இன்னும் பன்னெண்டு மெசின் போடலாம்னு இருக்கறேன். லோனு தரோம்ங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?” என்றான். நான் அந்த நாடுகளின் வரிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டினேன். “தைரியமாப் போடு மாப்பிள்ளை” என்றேன்.

ஓவர்லாக்கும் பேட்லாக்குமாகப் பன்னிரண்டு இயந்திரங்கள் ஜூன் மாதம் வந்திறங்கின. ஆகஸ்ட் 7 அன்று வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் 20 சதவீதம், கம்போடியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் 19 என்று புதிய வரிகள் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவுக்கு 25. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காகக் கூடுதலாக 25 சேர்ந்து, ஆகஸ்ட் 27 முதல் 50. நான் மே மாதம் எழுதிக் காட்டிய தாள் மூன்று மாதத்தில் தலைகீழானது. அவனுக்கு வேலை கொடுத்த நிறுவனம் அமெரிக்க ஆர்டர்களையே பெரிதும் நம்பியிருந்தது. செப்டம்பரில் புது இயந்திரங்களின் மேல் துணி போர்த்திவிட்டான். தவணை மட்டும் மாதம் தவறாமல் போகிறது.

ரஷ்ய எண்ணெய் காரணமாக வரி இரட்டிப்பாகும் என்பதை நான் எப்படி முன்கூட்டி அறிய முடியும் என்று கேட்கலாம். அறிய முடியாதுதான். என் குறை அதுவன்று. ஜனவரியில் நோட்டுப் புத்தகத்தில் 80 என்று எழுதியவன் நான். அதன் பொருள், ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு எதிராக இருக்கிறது என்பது. ஏப்ரலுக்குப் பிறகு அந்த ஒரு பங்கு இன்னும் பெரிதாகியிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வரியை மாற்றும் ஓர் அரசைப் பற்றிய கணிப்பு அது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அவனிடம் பேசியபோது அந்த இருபது எங்கோ போய்விட்டது. “எண்பது சதவீதம்தான் மாப்பிள்ளை, இருபது இருக்குது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பன்னிரண்டுக்குப் பதில் நான்கு போட்டிருப்பான். இதை அவனே என்னிடம் சொன்னான்; குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னான்.

நோட்டிலிருந்து வாய்க்கு வரும் வழியில் ஐயம் தொலைந்துபோவது என் வீட்டுத் திண்ணையில் மட்டும் நடப்பதன்று. 2024 ஜூன் முதல் தேதி மாலை வாக்குக் கணிப்புகள் வெளியானதை நினைத்துப் பாருங்கள். தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல், சிலவற்றில் 400 வரை. மாதிரி எத்தனை பேர், பிழை வரம்பு என்ன, எந்த மாநிலத்தில் எண்கள் ஆட்டங்காணக்கூடும் என்பதெல்லாம் கணிப்பு நிறுவனங்களின் கோப்புகளில் இருந்திருக்கலாம். திரையில் ஓடியது கொட்டை எழுத்து எண் மட்டும். ஜூன் 3 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் பாஜக 240, கூட்டணி 293 என்று தெரிந்தபோது 4,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. திங்கள்கிழமை வாங்கிச் செவ்வாய்க்கிழமை இழந்தவர்களுக்கு எந்தத் தொலைக்காட்சியும் கணக்குக் காட்டவில்லை. தமிழ்நாட்டில் பாஜக கூட்டணிக்கு இரண்டு முதல் நான்கு இடங்கள் என்ற கணிப்பும் அன்று வந்தது. 39-உம் திமுக கூட்டணிக்குப் போயின. எங்கள் திருப்பூர் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சுப்பராயன் மீண்டும் வென்றார்.

கடந்த நவம்பரில் பீகார். இம்முறை கணிப்புகள் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லின. பெரும்பாலானவை 130 முதல் 160 வரை கொடுத்த கூட்டணிக்கு, 243-இல் 202 இடங்கள் கிடைத்தன. திசை சரி, அளவு தவறு. ஆயினும் ‘எங்கள் கணிப்பு பலித்தது’ என்று விளம்பரம் ஓடியது. ஐக்கிய ஜனதா தளம் 25 இடங்களைத் தாண்டினால் அரசியலை விட்டே விலகுவேன் என்று சவால் விட்டவர் பிரசாந்த் கிஷோர். அக்கட்சிக்கு 85 கிடைத்தது, அவருடைய கட்சிக்கு ஒன்றும் இல்லை. அவரைக் கேலி செய்வது எளிது. நான் அவரை ஒரு விதத்தில் மதிக்கிறேன். 25 என்ற எண்ணைச் சொன்னார். அதனால்தான் அவர் தவறினார் என்று நாம் சொல்ல முடிகிறது. ‘மாற்றத்தின் காற்று வீசுகிறது’ என்று எழுதிய நூறு பத்தியாளர்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. காற்று எப்போதும் எங்காவது வீசிக்கொண்டுதான் இருக்கிறது.

ஊடகங்களின் கணிப்புக்கு எங்கள் ஊரே ஒருமுறை பலியாகியிருக்கிறது. 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் விசாரித்தது. ஹோலிப் பண்டிகைக்காக வழக்கம்போல் ரயில் ஏறியவர்களைப் படம் பிடித்து, ‘அஞ்சி வெளியேறும் தொழிலாளர்கள்’ என்று காட்டினார்கள். இவர்கள் திரும்பி வர மாட்டார்கள், பனியன் தொழில் முடங்கும் என்று கணித்தார்கள். ஏப்ரலில் ராயபுரத்துத் தேநீர்க் கடைகளில் போஜ்புரியும் ஒடியாவும் பழையபடி கேட்டன. அந்தக் கணிப்பைச் சொன்ன தொலைக்காட்சிகளில் ஒன்றாவது திரும்பி வந்து அதைச் சரிபார்த்ததாக நான் பார்க்கவில்லை. அந்த நான்கு வாரங்களில் ஆள் இல்லாமல் நின்ற இயந்திரங்களின் கணக்கு இங்கே பல சிறு முதலாளிகளின் ஏட்டில் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துறை இருக்கிறது. நாம் அதிகம் கேலி செய்யும் துறையும் அதுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறை இந்த ஆண்டு ஏப்ரலில், தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 105 சதவீதம் பெய்யும், ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றது. மே இறுதியில் அதை 106 என்று திருத்தி, பிழை வரம்பை நான்காகக் குறைத்தது. பெய்தது 108. கேரளத்தில் பருவமழை மே 27-இல் தொடங்கும், நான்கு நாள் முன்பின் ஆகலாம் என்றது, 24-இல் தொடங்கியது. என்ன சொன்னோம், என்ன நடந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆண்டுதோறும் பருவ முடிவில் அத்துறை வெளியிடுகிறது. ‘மழை வரும் என்றார்கள், வெயில் அடிக்கிறது’ என்று நாம் சிரிக்க முடிவதற்குக் காரணமே, அவர்கள் தேதியும் அளவும் சொல்வதுதான். சித்திரை முதல் நாளில் கோயிலில் படிக்கப்படும் பஞ்சாங்க ஆண்டு பலனை யாரும் பங்குனியில் எடுத்துவைத்து ஒப்பிடுவதில்லை. விசுவாவசு ஆண்டின் பலன் என்ன சொன்னது என்று இன்று கேட்டால் எனக்கும் நினைவில்லை. நம் பொருளாதார, அரசியல் விமர்சனங்களில் பெரும்பகுதி பஞ்சாங்க வாசிப்புக்கு நெருக்கமாக இருக்கிறதே தவிர, வானிலைத் துறைக்கு அருகில் வரவில்லை.

பிலிப் டெட்லாக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 284 வல்லுநர்களின் கணிப்புகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேகரித்து, 2005-இல் நூலாக வெளியிட்டார். ‘நேற்றைய நிலையே நாளையும் தொடரும்’ என்ற எளிய விதிகூடப் பல வல்லுநர்களைவிட நன்றாகக் கணித்தது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று: ஊடகங்களில் அதிகம் தோன்றிய வல்லுநர்களின் கணிப்புகள், அதிகம் தோன்றாதவர்களின் கணிப்புகளைவிடச் சற்று மோசமாக இருந்தன. காரணம் புரிகிறது. ‘அறுபது சதவீதம், ஆனால்…’ என்று இழுப்பவரை எந்த நெறியாளரும் இரண்டாம் முறை அழைப்பதில்லை. நான் என் தங்கை மகனிடம் பேசியபோது நெறியாளர் யாரும் இல்லை. ஆனாலும் தயங்கும் மாமாவைவிடத் தெளிவாகச் சொல்லும் மாமாவாக இருக்கும் ஆசை எனக்குள் இருந்தது.

திருப்பூர் தன்னைப் பற்றிச் செய்துகொண்ட கணிப்புகளையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 2011 ஜனவரியில், நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஊர் முடிந்தது என்று எழுதாதவர் குறைவு. அப்போது நான் கணக்கு எழுதிய இரண்டு நிறுவனங்களில் அந்த வாரமே பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. ஐந்தாறு ஆண்டுகளில் ஏற்றுமதி இருமடங்கானது. அழிவைக் கணித்தவர்கள் தவறினார்கள். வளர்ச்சியைக் கணித்தவர்களும் தவறினார்கள்: ஒரு லட்சம் கோடி ரூபாய் ஏற்றுமதி என்ற இலக்கு முதலில் 2020 என்ற ஆண்டோடு சேர்த்துப் பேசப்பட்டது. இப்போது அதே தொகை 2030-உடன் சேர்ந்திருக்கிறது. பழைய இலக்கு ஏன் தவறியது என்று ஒரு கூட்டத்திலாவது யாராவது ஒரு தாள் வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வங்கதேசக் கதை இன்னும் நுட்பமானது. 2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறியபோது, அங்குள்ள ஆர்டர்கள் திருப்பூருக்குத் திரும்பும் என்று எல்லோரும் கணித்தோம். அந்த நிதியாண்டில் எங்கள் ஏற்றுமதி நன்றாகவே கூடியது. ஆகவே கணிப்பு பலித்தது என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஏற்றுமதியும் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் வளர்ந்து 3,900 கோடி டாலரைத் தொட்டது. அங்கே குறைந்து இங்கே கூடியிருந்தால் காரணம் சரி. இரண்டு இடத்திலும் கூடியிருக்கிறது; வாங்குவோரிடம் தேவை கூடியது என்பதே பொருத்தமான விளக்கம். முடிவு சரியாகி, காரணம் தவறான கணிப்பு ஆபத்தானது. அதை நம்பி அடுத்த முதலீடு செய்யப்படுகிறது.

இந்த ஐம்பது சதவீத வரி வந்தபோதும் அதே பதற்றம். திருப்பூரின் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்காவுக்குப் போகிறது. எனவே மூன்றில் ஒரு பங்கு நிறுவனங்கள் மூடப்படும் என்று செப்டம்பரில் பேசினார்கள். அக்டோபரில் நாட்டின் ஆயத்த ஆடை ஏற்றுமதி சென்ற ஆண்டின் அதே மாதத்தைவிடக் குறைந்தது, நவம்பரில் கூடியது. வரியில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாக ஏற்றுக்கொண்டு பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளரைத் தக்கவைத்தன. பருத்திக்கான 11 சதவீத இறக்குமதி வரியை ஒன்றிய அரசு ஆகஸ்ட் 19 முதல் ஆண்டு இறுதி வரை விலக்கியது. ஊர் நிற்கவில்லை. ஆனால் மொத்த எண் இதைத்தான் சொல்லும். யார் தாங்கினார்கள் என்பதைச் சொல்லாது. பெரிய நிறுவனம் கொடுத்த தள்ளுபடி, தையல் கூலிக் குறைப்பாக ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும், ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கித் தையல்காரருக்கும் வந்து சேர்ந்தது. புள்ளிவிவரம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே ராயபுரத்துத் தெருக்களில் இதைப் பார்க்க முடிந்தது: இரவு எட்டு மணிக்கு மேல் எரியும் விளக்குகள் குறைந்தன, ‘ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் ஆட்கள் தேவை’ என்ற அட்டைகள் வாசல்களிலிருந்து இறங்கின. அடுத்த ஆண்டு முதல் அந்த விளக்குகளையும் எண்ணி எழுதிக்கொள்ளப்போகிறேன்.

என் பட்டியலில் இடமே பெறாதவையும் உண்டு. ஜூலை 21 இரவு குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் பதவி விலகுவார் என்று ஜனவரியில் யார் எழுதியிருக்க முடியும்? செப்டம்பர் 12 அன்று அந்தப் பதவியில் சி.பி. ராதாகிருஷ்ணன், எங்கள் ஊர்க்காரர், பின்னலாடைத் தொழிலிலும் இருந்தவர், உறுதிமொழி ஏற்றார். கரூரில் செப்டம்பர் 27 அன்று கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்ததும் எவருடைய கணிப்பிலும் இல்லை. ஓர் ஆண்டை மாற்றும் நிகழ்ச்சிகளில் பாதி, கேள்வியாகக்கூட நமக்குத் தோன்றாதவை.

2026-க்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். சட்டமன்றத் தேர்தலில் யார் வெல்வார் என்பதை இந்த ஜனவரியில் எழுதப்போவதில்லை. கூட்டணிகள் முடிவாகும் முன் எழுதுவது குறி சொல்வதாகும். அதற்குப் பதில் இதை எழுதினேன்: வாக்குப்பதிவு சதவீதம் 2021-ஐவிடக் கூடும் – 90. (தொழிலாளர் சட்டத்துக்கும் 90 போட்டேன் என்பது நினைவிருக்கிறது, ஆனாலும் இதற்குக் காரணம் வைத்திருக்கிறேன்.) சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19 அன்று வெளியானது. 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்திருக்கிறது. 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் ஒரு பகுதி திரும்பச் சேரும். இறந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் பட்டியலிலிருந்து நீங்கினால், சென்ற முறை வாக்களித்த அதே எண்ணிக்கையினர் வந்தாலும் 73-ஐ ஒட்டி இருந்த சதவீதம் தானாக உயரும். வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெருகும் என்பது ஆரம்பப் பள்ளிக் கணக்கு. அன்றிரவு தொலைக்காட்சிகளில் ‘வரலாறு காணாத வாக்குப்பதிவு, இது யாருக்கு எதிரான அலை?’ என்ற விவாதம் நடக்கும். அதற்கும் ஒரு கணிப்பு எழுதியிருக்கிறேன்: 95.

வர்த்தகத்தில், பிரிட்டன் ஒப்பந்தம் 2026 டிசம்பருக்குள் நடைமுறைக்கு வரும் – 80. இந்திய ஆடைகள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி ஜூன் 30-க்குள் ஐம்பதிலிருந்து இறங்கும் – 60. பிப்ரவரியில் பிரதமர் மோடியும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லெயனும் இந்த ஆண்டுக்குள் முடிப்போம் என்று சொன்ன ஐரோப்பிய ஒப்பந்தம், அடுத்த ஆண்டுக்குள் பேசி முடிக்கப்படும் – 60. அது ‘ஆகாது’ என்று எழுதக் கை பழகியிருந்தது, எழுதவில்லை.

நேற்று மாலை தங்கை மகன் வந்திருந்தான். காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரி உள்நாட்டு ஆர்டர் கொடுத்திருக்கிறார், நான்கு இயந்திரங்களின் மேல் போட்ட துணியை எடுத்துவிட்டேன் என்றான். எழுதிக்கொண்டிருந்த நோட்டைப் பார்த்து, “நம்ம மெசினையும் ஒண்ணு எழுதுங்க மாமா” என்றான். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மார்ச் 31-க்குள் பன்னிரண்டில் எட்டு ஓடும் என்றான். சதவீதம் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“நாப்பதுன்னு போடுங்க மாமா” என்றான். போட்டேன்.